டெல்டாவிலிருந்து கொல்லிமலைக்கு: சமவெளியில் சைக்கிள் ஓட்டிப் பழகிய கால்களை மலை ஏற்றத்துக்குத் தயார் செய்வது எப்படி

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அறுபது மீட்டர் உயரம்கூட வராது, கும்பகோணம், மாயவரம் இன்னும் தாழ்வு. ஆற்றுப் பாலத்தையும் ரயில்வே மேம்பாலத்தையும் விட்டால் நம் பக்கத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. இதனால் டெல்டாவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. நாலு மிதி மிதிப்போம், அப்புறம் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருளுவோம், மறுபடி நாலு மிதி. சமவெளியில் நூறு கிலோமீட்டர்கூட இப்படியே ஓட்டிவிடலாம். மலையில் இது நடக்காது. மிதிப்பதை நிறுத்தினால் இரண்டு நொடியில் சைக்கிள் நின்றுவிடும். நூறு கிலோமீட்டர் ஓட்டும் ஆள் பச்சைமலையின் நாலாவது வளைவிலேயே மூச்சு வாங்கி இறங்கி நிற்பதற்கு முதல் காரணம் இதுதான், கால் பலமெல்லாம் அதற்கப்புறம்.

ஆகவே முதல் பயிற்சி வெறும் பழக்கத்தை மாற்றுவது. ஒரு மணி நேரம் எங்கேயும் மிதிப்பதை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். வேகம் முக்கியமில்லை. பாலத்தில் இறங்கும்போதும் கால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், இருபதாவது நிமிடத்தில் தொடை கதை சொல்லும்.

அடுத்தது காற்று. மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கு மலைக்குப் பதிலாகக் கிடைப்பது எதிர்க்காற்றுதான், அதில் நமக்குக் குறையே கிடையாது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று கரூர், திருச்சி தாண்டி நம் வயல்வெளி வரைக்கும் அடிக்கும். கண்டியூரில் கிளம்பித் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போகிற சாலையில் மேற்கே பார்த்து ஓட்டினால் முகத்துக்கு நேராக வாங்கலாம், திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும். வாழைத் தோப்பும் தென்னந்தோப்பும் மறைக்கிற இடத்தில் காற்று செத்துவிடும், வயல் திறந்து கிடக்கிற பகுதியை உங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது திசையை மாற்றி நாகப்பட்டினம் பக்கம் பார்த்து ஓட்ட வேண்டும்.

எதிர்க்காற்றும் ஏற்றமும் ஒன்றா என்று கேட்டால், உழைப்பு ஒன்றுதான், உடம்பு நிற்கிற விதம் வேறு. எழுபது கிலோ ஆள், பத்து கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொண்டு, 7 சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் உயர்கிற சாலையில், மணிக்கு 8 கிலோமீட்டரில் போகச் சுமார் 130 வாட் வேண்டும். அதே ஆள் சமவெளியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்து 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதைவிடவே அதிகம் செலவாகும். ஆனால் காற்றில் நாம் தானாகக் குனிந்துகொள்கிறோம், மலையில் நிமிர்ந்துதான் உட்காருவோம். அதனால் பயிற்சியில் குனியாதீர்கள். ஹேண்டில்பாரின் மேல் பகுதியைத் தளர்வாகப் பிடித்து, நெஞ்சைக் காற்றுக்குக் காட்டி, வழக்கத்தைவிட ஒரு கியர் கனமாகப் போட்டு, நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று மெதுவாக அழுத்தி மிதியுங்கள். முதல் வாரம் பத்து நிமிடமாக மூன்று தடவை, நடுவில் ஐந்து நிமிடம் லேசாக. பிறகு பத்தை இருபதாக்கலாம், முப்பதாக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முட்டியில் வலி வந்தால் கியரை இறக்கிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது பலர் செய்கிற பயிற்சி. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சரிவு குறைவு, ஒரு நிமிடத்தில் முடிந்தும் போகும். எழுந்து நின்று மிதித்துப் பழக மட்டும் அது உதவும்: எழுவதற்கு முன்னால் ஒரு கியர் கனமாக மாற்றிவிட்டு எழ வேண்டும், இல்லாவிட்டால் கால் சட்டென்று கீழே போய்ச் சைக்கிள் குலுங்கும். வீட்டில் டிரெயினர், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்கிற தாங்கி, வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சைக்கிளின் இரண்டு சக்கர அச்சுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். சைக்கிள் மட்டமாக நிற்கிற நிலையிலிருந்து முன் சக்கரத்தை ஒரு செங்கல் கனம் உயர்த்தினால் அது கிட்டத்தட்ட ஏழு சதவீதச் சரிவு. சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருப்பதும் இடுப்பில் புதிதாக ஒரு வலி வருவதும் அப்போது தெரியும். அதை வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அறுவடை நாட்களில் சாலையில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும், டிராக்டர் டயர் கொட்டிய சேறு வேறு. அந்த மாதங்களில் காற்றுப் பயிற்சியை நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நெல்மணிமேல் மெல்லிய டயரை ஏற்றுவது வழுக்குவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி.

இப்போது கியர். பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் என்பது என் கருத்து. எடை குறைந்த சக்கரம், கார்பன் சீட் போஸ்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், எண்பது கிலோ மொத்த எடையில் ஒரு கிலோ குறைத்தால் ஒன்றேகால் சதவீதம் லாபம், அவ்வளவுதான். அதுவே பின்னால் அதிகப் பல் கொண்ட கேசட், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, போட்டால் கதையே மாறும். கணக்கு இதுதான்: முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு அறுபது மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பழைய ரோடு சைக்கிள்களில் வருகிற முன்னால் 39, பின்னால் 25 இருந்தால் அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு நாற்பது சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதியும் முட்டியை அழுத்தும். கேசட் மாற்றும்போது உங்கள் பின் டிரெய்லியர், அதாவது செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கருவி, அத்தனை பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள ஹைபிரிட் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சிலர் அதைக் கேலி செய்வார்கள், மலையில் கேலி செய்தவர்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். கியர் இல்லாத சைக்கிளில் ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த மலை? முதல் தடவைக்குப் பச்சைமலை. துறையூர் பக்கம் சோபனபுரத்தில் அடிவாரம், மேலே டாப் செங்காட்டுப்பட்டி. கூட்டம் குறைவு, சாலை அமைதி. அதை நிற்காமல் ஏறிய பிறகு கொல்லிமலை. முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போய்ச் சேந்தமங்கலத்தில் திரும்பினால் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர், பெரிய கோவில் விமானம் 66 மீட்டர் என்றால் பதினைந்து விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். திருச்சியிலிருந்தே மிதித்துப் போய் அன்றைக்கே ஏறுவதெல்லாம் வேண்டாம். முந்தின நாள் நாமக்கல்லில் தங்கி விடிவதற்குள் அடிவாரத்தில் இருங்கள். ஆடிப்பெருக்கையொட்டி மேலே வல்வில் ஓரி விழா நடக்கும், அந்த நாட்களில் வண்டி வரிசையாக நிற்கும், போகாதீர்கள். அன்றைக்கு நமக்கு ஆற்றங்கரையிலேயே வேலை இருக்கிறது.

ஏறத் தொடங்கினால் முதல் இருபது வளைவு மெதுவாகத்தான் போக வேண்டும், அலுப்புத் தட்டுகிற அளவுக்கு. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் அளவு. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுத்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். காலையில் கால் புதிதாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், யாராவது முந்திப் போவார், போகட்டும். மேலே சொன்ன 8 கிலோமீட்டர் கணக்கில் மணிக்கு ஐந்நூற்றைம்பது மீட்டர் உயரம்தான் ஏற முடியும், முதல் தடவை ஏறுபவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அவசரம் வராது. வளைவுகளில் எண் போட்ட பலகை இருக்கிறது, நாற்பது தாண்டும் வரை அதை எண்ணாமல் இருப்பது மனசுக்கு நல்லது.

வளைவில் ஒரு சூட்சுமம். கொண்டை ஊசியின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் சாய்வு குறைவு. நாம் இடது ஓரம் போகிறவர்கள் என்பதால் வலது பக்கம் திரும்பும் வளைவில் தானாகவே வெளிப்பக்கம் கிடைக்கும், அங்கே இளைப்பாறலாம், தண்ணீர் குடிக்கலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் செங்குத்தான உள்பக்கம் நம் தலையில் விழும், ஆகவே வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிடுங்கள். வளைவுக்கு நடுவில் முழு அழுத்தத்தோடு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். வண்டி வரவில்லை என்று கண்ணால் பார்த்தால் மட்டும் சாலை நடுப்பக்கம் கொஞ்சம் விலகி வரலாம்.

எட்டு கிலோமீட்டர் வேகத்தில் உடம்பில் காற்றுப் படாது, சமவெளியைவிட வேர்வை அதிகம். இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி. எலுமிச்சை பிழிந்தால் குடிக்க நன்றாக இருக்கும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இட்லி நாலு, வழியில் கடலை மிட்டாய், பூவன் பழம். பழத்தை வளைவில் நின்று கையில் வைத்துத் தின்னாதீர்கள், குரங்குகள் கூடிவிடும்.

இறக்கம்தான் நம் ஆட்களுக்கு உண்மையான ஆபத்து, ஏனென்றால் டெல்டாவில் அதற்குப் பயிற்சி செய்ய இடமே இல்லை. கிளம்பும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தேய்ந்திருந்தால் மாற்றாமல் போகாதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, வளைவில் பிரேக் போடாமல் திரும்ப வேண்டும். பார்வை வளைவின் மறு முனையில் இருக்கட்டும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம், பஸ் வந்தால் ஒதுங்கி நின்றுவிடுங்கள். கை வலித்தால் நிறுத்தி, ரிம் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு அடித்தால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.