ஃபுட் டெர்மினலை டீமனாக ஓடவிட்டு, ஃபுட்கிளையன்ட் மூலம் ஜன்னல் திறப்பது எப்படி?

லினக்ஸின் திரை அமைப்பான வேலேண்டில், ஃபுட் டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டே இருப்பவர்கள் அதை டீமனாக, அதாவது பின்னணியில் ஓடும் சர்வராக, ஓடவிடுவதே நல்லது. தனித்தனியாகத் திறந்தால் ஜன்னலுக்கு ஒரு பிராசஸ், ஒவ்வொன்றும் ஃபான்ட்டை முதலிலிருந்து ஏற்றும். டீமன் முறையில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே பிராசஸ்; ஃபுட்கிளையன்ட் என்ற சிறு நிரல் அதனிடம் புது ஜன்னல் கேட்கும். ஃபான்ட்டும் கேஷும் பொதுவில் இருப்பதால் அடுத்த ஜன்னல் சட்டென்று வரும், மெமரியும் மிச்சமாகும்.

கட்டளைகள் இங்கே தமிழில் இருந்தாலும், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ஸ்வேயின் (வேலேண்டில் ஜன்னல்களை நிர்வகிக்கும் நிரல்) கான்ஃபிக் ஃபைலில் இரண்டே வரி:

எக்ஸெக் ஃபுட் --சர்வர்
பைண்ட்சிம் $மாட்+ரிட்டர்ன் எக்ஸெக் ஃபுட்கிளையன்ட்

முதல் வரியில் எக்ஸெக்_ஆல்வேஸ் போடாதீர்கள். கான்ஃபிக்கை ரீலோட் செய்யும்போதெல்லாம் இன்னொரு சர்வர் கிளம்பி, சாக்கெட்டை (கிளையன்ட் சர்வரோடு பேசும் வழி) பழைய சர்வர் ஏற்கெனவே பிடித்திருப்பதைப் பார்த்துப் பிழையோடு நின்றுவிடும்.

சர்வர் எழுந்ததா என்று பார்க்க /ரன்/யூசர்/1000 டைரக்டரியைத் திறந்து பாருங்கள் (1000 என்பது உங்கள் யூசர் எண்). ஃபுட்-வேலேண்ட்-1.சாக் என்பது போன்ற பெயரில் ஒரு சாக்கெட் இருக்க வேண்டும்.

அடுத்து பலரும் தடுமாறும் இடம். சர்வர் ஓடாவிட்டால் சாதாரண ஃபுட் திறக்கட்டும் என்று “ஃபுட்கிளையன்ட் || ஃபுட்” என எழுதுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபுட்கிளையன்ட் ஜன்னல் மூடும் வரை காத்திருந்து, உள்ளே ஓடிய ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எக்ஸிட் கோடையே (முடிவு எண்; 0 என்றால் வெற்றி) தன்னுடையதாகத் திருப்பித் தரும். நீங்கள் கடைசியாக ஓட்டிய கிரெப் (தேடும் கட்டளை) எதுவும் கிடைக்காமல் 1 என்று முடிந்திருக்கும். அப்படியே கன்ட்ரோல்-டி அடித்து ஜன்னலை மூடுவீர்கள். ஷெல் 1 தரும், கிளையன்ட்டும் 1 தரும், மூடிய இடத்தில் புது ஜன்னல் வந்து நிற்கும். கிளையன்ட்டே தோற்றால், அதாவது சாக்கெட் கிடைக்காதபோது, வரும் எண் 220. ஆகவே சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றில் $? (கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட்) மதிப்பு 220 ஆக இருந்தால் மட்டும் ஃபுட்டைக் கூப்பிடுங்கள். ஜன்னல் திறந்ததும் கிளையன்ட் விலகிக்கொள்ள வேண்டுமென்றால் --நோ-வெயிட் இருக்கிறது.

என்விரான்மென்ட் விஷயத்திலும் கவனம் தேவை. கிளையன்ட்டை எந்த டைரக்டரியிலிருந்து கூப்பிட்டீர்களோ அங்கேயேதான் புது ஷெல் தொடங்கும். ஆனால் என்விரான்மென்ட் மாறிகள் (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்புகள்) சர்வருடையவை. ஒரு ஜன்னலில் பாத் மாறியை மாற்றி எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, அங்கிருந்தே ஃபுட்கிளையன்ட் அடித்தால் புது ஜன்னலில் அந்த மாற்றம் இருக்காது. --கிளையன்ட்-என்விரான்மென்ட் சேர்த்தால் கிளையன்ட்டின் மாறிகளே போய்ச் சேரும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) வழியாகச் சர்வரைத் தொடங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லாகின் ஷெல்லில் நீங்கள் வைத்த மாறிகள் அந்தச் சர்வருக்குத் தானாகத் தெரியாது.

ஃபுட்டின் கான்ஃபிக்கான ஃபுட்.ஐஎன்ஐ ஃபைலில் ஃபான்ட் அளவை மாற்றினால், புதிதாகத் திறக்கும் ஜன்னலிலும் பழைய அளவுதான் வரும். சர்வர் அந்த ஃபைலைத் தொடக்கத்தில் படித்ததோடு சரி. மறுபடி படிக்க வைக்கச் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். அந்தச் சர்வரின் கீழ் திறந்திருக்கும் ஜன்னல்கள் அத்தனையும் மூடிவிடும், சேமிக்காத வேலையோடு. அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். மாற்றத்தை முதலில் சாதாரண ஃபுட்டில் திறந்து பாருங்கள், அது ஃபைலைப் புதிதாகப் படிக்கும். ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் மாற்றம் வேண்டுமானால் கிளையன்ட்டிலேயே --ஓவர்ரைடு கொடுக்கலாம்.

சர்வர் கிராஷ் ஆனாலும் இதே கதிதான். நீண்ட நேர வேலைகளை டிமக்ஸுக்குள் (ஷெல்லை ஜன்னலிலிருந்து தனியாக ஓடவிடும் நிரல்) வைத்தால் ஜன்னல் போனாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஜன்னலில் லாக் வரிகள் அருவியாய்க் கொட்டினால் மற்ற ஜன்னல்களும் மந்தமாகும். அப்படிப்பட்ட வேலைக்கு மட்டும் கிளையன்ட்டை விட்டுவிட்டு ஃபுட்டைத் தனியாகத் திறந்துகொள்ளுங்கள்.