உதவித்தொகையும் வழிகாட்டியும்: அறிவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் துறைகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிரிவுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கென அமைந்த உதவித்தொகைத் திட்டங்கள் பலவற்றில், பணத்துடன் ஒரு வழிகாட்டியும் கிடைக்கிறார். பணத்தைப் பெறுவதற்கு எடுக்கும் முயற்சியில் பாதியைக்கூட அவரைப் பயன்படுத்திக்கொள்ள எடுக்காததே மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது.

உதவி கேட்பது பலவீனம் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டியில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம் இந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளப் பார்த்தது. முதல் பருவத்துக்கு முந்தைய கோடைக்காலத்திலேயே மாணவர்களை வரவழைத்துப் பாடம் நடத்தி, குழுவாகப் படிப்பதை வழக்கமாக்கி, இளங்கலைப் படிப்பின்போதே ஆய்வகத்திலும் சேர்த்துவிட்டது. தேர்வில் தவறிய பிறகு வழிகாட்டியைத் தேடிப் போவது காலம் கடந்த செயல், முன்பே போகவேண்டும். அப்போதும், ‘இயற்பியல் புரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. போட்டுப் பார்த்த கணக்கை எடுத்துச் சென்று, எந்த வரி வரை சரியாக வந்தது, எந்த வரியில் சிக்கியது என்று காட்டினால், கால் மணி நேரப் பேச்சும் உதவும்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் கேட்பது அடுத்த தவறு. பேராசிரியர் மறுக்கமாட்டார், ஆனால் எவருக்கும் பொருந்தும் நான்கு வரிகளை எழுதித் தருவார். தன்விவரக் குறிப்பையும், கட்டுரையின் வரைவையும், அவருடைய வகுப்பில் செய்த செயல்முறை எதையாவது நினைவூட்டும் ஒரு பத்தியையும் சில வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பக் கட்டுரையிலும் பலர் வறுமையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு அறிவியலுக்கு இரண்டு வரி ஒதுக்குகிறார்கள். பட்ட கஷ்டம் தேர்வுக்குழுவுக்குத் தெரியவேண்டியதுதான், ஆனால் எந்தக் கேள்வி இந்த மாணவரைத் துரத்துகிறது என்பதையும் அவர்கள் தேடுவார்கள்.

தொகை கிடைத்ததும் நிபந்தனைகளை மறந்துவிடுவதும் உண்டு. குறைந்தபட்ச மதிப்பெண், பருவத்துக்கு எடுக்கவேண்டிய பாடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்காமல் ஒரு பாடத்தைக் கைவிட்டால், அடுத்த ஆண்டுத் தொகை நின்றுபோகலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: கல்லூரிக்கு வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் தரும் மானியத்தில் அதே அளவைக் குறைத்துவிடும். குறைப்பதாக இருந்தால், மானியத்துக்குப் பதில் கல்விக் கடனை முதலில் குறைக்க முடியுமா என்று நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்பது நல்லது.

ஒரே வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பதும் சரியல்ல. தன் பின்புலத்திலிருந்தே வந்த ஒருவர் தயக்கத்தைப் புரிந்துகொள்வார். ஆய்வகத்துக்குள் நுழைய வேறொருவரின் அறிமுகம் தேவைப்படலாம். திட்டம் ஒதுக்கித் தந்த வழிகாட்டி மாதக்கணக்கில் பதிலே தராவிட்டால் பொறுத்துப் போகவேண்டியதில்லை. திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.