பழைய சேலைப் போர்வைக்கு லேஸ் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய காட்டன் சேலைகளை அடுக்கி, மேலே ஒட்டுத்துணி வைத்துக் கையால் போர்வை தைக்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. போர்வை வரைக்கும் ஒழுங்காகத்தான் தைக்கிறார்கள். ஓரத்தில் லேஸ், பைப்பிங் (உள்ளே கயிறு வைத்துத் தைக்கும் ஓரப்பட்டி), குஞ்சம் என்று ஏதாவது வைக்கப் போகும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. புதிதாகத் தைக்க வருகிறவர்கள் செய்வதைப் பார்த்தால், எங்கள் செட் ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்துதான், வரிசைகூட மாறவில்லை. லேஸின் நல்ல பக்கத்தை மாற்றி வைப்பது, பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க ஓட்டிவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பிரித்தால் தானாகப் புரிந்துவிடும்.

நனைக்காத லேஸ்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற யாரும் அதை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் அடிப்பார்கள். பிளவுஸுக்கு லைனிங் எடுத்துப் போனால் "நனைச்சுட்டுக் கொண்டாங்க" என்று டெய்லரே சொல்வார். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அதே ஆட்கள் போர்வைக்கு 9 மீட்டர் காட்டன் லேஸ் வாங்கினால், அட்டையிலிருந்து பிரித்து நேராக மெஷினுக்குக் கொண்டுபோகிறார்கள். லேஸ் என்பது அலங்காரச் சாமான், துணிக்கு உள்ள விதி அதற்குக் கிடையாது என்று ஒரு நினைப்பு.

லேஸ் பின்னும்போதும் சரி, கஞ்சி ஏற்றி அட்டையில் சுற்றும்போதும் சரி, நூல் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் நூல் ஊறி, அந்த இழுப்பு தளர்ந்துவிடும். முதல் சலவையில் காட்டன் லேஸ் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். தளர்வான பின்னல் என்றால் இன்னும் கூட. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் 60க்கு 90 அங்குலப் போர்வையின் சுற்றளவு 300 அங்குலம். அதில் 4 சதவீதம் என்றால் 12 அங்குலம். முழுசாக ஓர் அடி லேஸ் குறைகிறது, அதோடு சேர்த்துத் தைத்த துணி குறையாமல் அப்படியே நிற்கிறது.

சேலைப் போர்வையில் இது இன்னும் மோசம். அந்தச் சேலை வருடக்கணக்கில் துவைபட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் என்றைக்கோ சுருங்கி முடிந்தது. லேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பெண் தன் அப்பத்தாவின் சுங்குடிச் சேலைகளில் ஒரு போர்வை தைத்தாள். கையால் போட்ட ஓட்டுத்தையல், வரிசை பிசகாமல், பார்க்க அவ்வளவு அழகு. நாலு ஓரத்துக்கும் 2 அங்குலக் காட்டன் லேஸ். முதல் சலவை முடிந்ததும் போர்வையை ஒரு கட்டைப்பையில் சுருட்டி எடுத்து வந்தாள். தரையில் விரித்தால் படியவில்லை. நாலு ஓரமும் உள்ளே இழுத்துக்கொண்டு, நடுவில் துணி உப்பி நின்றது. இந்தப் பக்கம் கையால் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்புகிறது.

"கடையில சுருங்கவே சுருங்காதுன்னு சொன்னாங்கக்கா."

"ஏம்மா, ஃபால்ஸை நனைக்காம அடிப்பியா?"

"அது ஃபால்ஸ்க்கா. இது லேஸ்தானே."

இஸ்திரி போட்டு இழுத்து விட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆவியில் இழுத்தால் அப்போதைக்கு நீளும், அடுத்த சலவையில் மறுபடி சுருங்கும். பிரிப்பது ஒன்றுதான் வழி, நிஜமான நஷ்டமும் அங்கேதான். பழைய சேலை மெலிந்துபோன துணி. பொடித் தையலாகப் போட்டிருந்தால் ஊசித் துளைகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும், நூலை உருவும்போதே அந்தக் கோட்டோடு துணி விட்டுவிடும். அவள் போர்வையிலும் விட்டது. கிழிந்த ஓரத்தை நாலு பக்கமும் வெட்டி எடுத்து, போர்வையைச் சின்னதாக்கி, லேஸே இல்லாமல் பைண்டிங் (ஓரத்தை மூடி மடித்துத் தைக்கும் துணிப்பட்டி) போட்டு முடித்தோம். லேஸ் போனால் வேறு வாங்கலாம். அப்பத்தா கட்டின சுங்குடிக்கு எந்தக் கடைக்குப் போவது?

பாலியஸ்டர் லேஸ் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்றால், சேலைப் போர்வைக்கு அது உண்மைதான். புதுப் பாப்ளினில் தைத்து, உள்ளே காட்டன் பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு) வைத்திருந்தால் கதை தலைகீழ். போர்வை சுருங்கும், லேஸ் சுருங்காது, ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். அந்த மாதிரிப் போர்வைக்குப் பாப்ளினையும் பேட்டிங்கையும்தான் முதலில் நனைக்க வேண்டும். பேட்டிங்கை நனைப்பதற்கு முன் அதன் உறையில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள், எல்லாமே நனைக்கத் தாங்காது.

லேஸை நனைக்கும் முறை: அட்டையிலிருந்து பிரித்து, எட்டு வடிவத்தில் சுற்றி, நாலு இடத்தில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சிக்கெடுக்கவே ஒரு நாள் போகும். பழைய தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, வெந்நீரில் ஊறவிட்டு, தண்ணீர் ஆறின பிறகு எடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டுக்குள் வைத்து அமுக்கினால் போதும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் மறுபடி நீளும், அதனால் நிழலில் பரப்பிக் காயவையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே, தேய்த்து இழுக்காமல், இஸ்திரிப் பெட்டியை எடுத்து எடுத்து வைத்து அழுத்துங்கள். எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் 20 அங்குலத் துண்டு ஒன்றை முதலில் நனைத்து அளந்து பாருங்கள். 19 வந்தால் 5 சதவீதம்.

பைப்பிங்குக்குள் வைக்கும் காட்டன் கயிற்றுக்கும் இதே வைத்தியம்தான். மேல்துணியை மட்டும் நனைத்துவிட்டுக் கயிற்றை மறந்தால், உள்ளே கயிறு சுருங்கி, வெளியே துணி கசங்கியே கிடக்கும்.

இழுத்துத் தைப்பது

நனைத்த லேஸையும் கெடுக்க வழி இருக்கிறது. மெஷினின் பற்கள் அடியில் இருக்கும் போர்வையைத்தான் பிடித்துத் தள்ளும். மேலே கிடக்கும் லேஸ் பின்தங்கி, துணியை அமுக்கும் ஃபுட்டுக்கு முன்னால் குவியும். குவிகிறதே என்று கையால் இழுத்துப் பிடித்துத் தைக்கிறார்கள். இழுபட்ட லேஸ் மெஷினை விட்டு வந்ததும் பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கும், ஓரம் மேலே மடங்கிக்கொள்ளும். சலவைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். போர்வையின் ஒவ்வொரு பக்கத்தையும் நாலாகப் பிரித்துக் குறி வையுங்கள். லேஸிலும் அதே அளவில் குறி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, இடையில் நூலோட்டிய பிறகு மெஷினில் வையுங்கள். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூலைக்கு லேஸ் விடாதது

2 அங்குல லேஸ் ஒரு மூலையைச் சுற்றித் திரும்ப, அதன் வெளி ஓரத்துக்கு 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். அதை மூலையில் சின்னச் சின்னக் கொசுவமாக வைத்துத் தைக்க வேண்டும். நாலு மூலைக்கு 16 அங்குலம், ஆக மொத்தம் 316. 9 மீட்டர் என்பது 354 அங்குலம். நனைத்து 5 சதவீதம் போனால் 336. ஒட்டுக்கும் சேர்த்துத் தாராளமாகப் போதும். சுற்றிலும் ஃப்ரில் வைப்பதென்றால் இந்தக் கணக்கு உதவாது, சுற்றளவில் இரண்டு மடங்கு லேஸ் வேண்டும். இரண்டாவது அட்டையை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிறகு போனால் அதே வெள்ளை கிடைக்காது.

மூலையில் ஒட்டுப் போடுவது

லேஸின் இரண்டு முனைகளும் சேரும் ஒட்டைப் பக்கவாட்டில் போடுங்கள்.

சாயத்தைப் பார்க்காமல் குஞ்சம் கட்டுவது

மெரூன், கருநீலம், சிவப்பு என்றால் சந்தேகப்படுங்கள். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. நூலில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை நம் வீட்டு வாளியில் போடும் உப்பு கட்டிப்போடாது. ஈர வெள்ளைத் துணியில் குஞ்சத்தை வைத்துச் சூடாக அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் அது வெளிர் நிறப் போர்வைக்கு ஆகாது.

பைப்பிங்குக்கு நேர்த் துணி

கிராஸ் பீஸ்தான், அதாவது துணியைச் சாய்வாகத்தான், வெட்ட வேண்டும். துணி பத்தவில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை.

ஜிக்ஜாக் லேஸில் நடுவே ஒரே தையல்

துவைத்ததும் இரண்டு பக்க முனைகளும் சுருண்டுகொள்ளும். முனைக்கு ஒரு குத்து கையால் போடுங்கள்.

பட்டுச் சேலை ஜரிகை பார்டர்

சுவரில் மாட்டும் போர்வை என்றால் ஆசை தீர வையுங்கள். போர்த்திக்கொள்வது என்றால் வேண்டாம். துவைக்கத் துவைக்க ஜரிகை கறுக்கும், தூக்கத்தில் கன்னத்தில் அறுக்கும்.

கைக்குழந்தைப் போர்வையில் குஞ்சம், மணி, பட்டன்

வேண்டவே வேண்டாம். பிய்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

இஸ்திரிப் பெட்டியின் காட்டன் சூட்டில் பாலியஸ்டர் லேஸ்

உருகும்.

கால்மாட்டில் வலை லேஸ்

இதைத் தைக்கும்போது யாருமே யோசிப்பதில்லை. மெட்டி போட்ட கால் ராத்திரியில் புரளும்போது வலைக் கண்ணில் மாட்டி இழுக்கும், காலையில் லேஸ் ஒரு முழத்துக்குத் தொங்கும். நாலு பக்கமும் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தலைமாட்டிலும் பக்கவாட்டிலும் லேஸ் வைத்து, கால்மாட்டில் வெறும் பைண்டிங்கோடு விட்டுவிடுங்கள். லேஸும் மிச்சம்.