ஷார்த்ர் பேராலயம்: அவசரத்தில் தவறிப்போகிறவை

பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஷார்த்ர் நகரம் வந்துவிடும். அதனாலேயே பலர் இதைக் காலையில் போய் மதியம் திரும்பும் இடமாக வைத்துக்கொள்கிறார்கள். பெரிய தவறு அதுதான். இந்தப் பேராலயத்தின் உயிர் அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இருக்கிறது. பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வெயில் நகர நகர ஒவ்வொரு பக்கமாக ஒளிரும். 1194இல் பழைய ஆலயம் எரிந்தபோதும் தப்பிய மேற்குச் சுவரின் மூன்று சன்னல்கள் மாலை வெயிலில்தான் முழு அழகோடு தெரியும். மதியமே கிளம்புகிறவருக்கு அந்தச் சன்னல்களின் நீலம் கிடைக்காது.

உள்ளே போனவுடன் கேமராவைத் தூக்காதீர்கள். வெளிச்சத்திலிருந்து வரும் கண்ணுக்கு முதலில் எல்லாம் இருட்டுதான். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், நிறங்கள் தானாகத் துலங்கி வரும்.

அப்புறம் இன்னொரு தவறு, சன்னல்களை மேலிருந்து கீழே பார்ப்பது. பொதுவாகக் கதை அடியில் தொடங்கி மேலே ஏறும். தெற்குப் பக்கத்தில் நல்ல சமாரியர் சன்னலைத் தேடிப் பாருங்கள். காணிக்கை கொடுத்த செருப்புத் தொழிலாளர்கள் அடியிலேயே வேலை செய்துகொண்டிருப்பார்கள். அடுத்து, அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய சமாரியரைப் பற்றி இயேசு சொன்ன உவமை, அதற்கும் மேலே ஆதாம் ஏவாள். ராஜாக்களைத் தேடுகிற கண்ணுக்கு இந்தத் தொழிலாளிகள் தப்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உயரத்தில் இருப்பவற்றுக்கு ஒரு பைனாகுலர் கட்டாயம் வேண்டும். நிறைய பேர் அதை மறந்துவிட்டு வருகிறார்கள்.

தரையில் உள்ள வட்டப் புதிர்ப்பாதையில் நடக்க ஆசையா? ஏறத்தாழ 13 மீட்டர் அகலம் கொண்ட அதன்மேல் பெரும்பாலான நாட்களில் நாற்காலிகள் கிடக்கும். தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) முதல் நவம்பர் தொடக்கம்வரை பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில்தான் அவற்றை அகற்றுவார்கள். கிழமை பார்க்காமல் போனால் ஏமாற்றம்தான்.

திருப்பலி (பூசை) நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிருங்கள். இது இன்றும் மக்கள் ஜெபிக்கும் கோயில். அந்த நேரத்தை வெளியே செலவிடலாம். மேற்கு வாசலின் 12ஆம் நூற்றாண்டுச் சிலைகளைப் பாருங்கள். தலைக்கு மேலே இரு கோபுரங்களும் வெவ்வேறாக இருக்கும். வடக்குக் கோபுரத்தின் உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்தது, அதற்குப் பிறகு கட்டியதுதான் இப்போதுள்ள நுணுக்க வேலைப்பாடு.