விலை உயர்ந்த வாட்ச்சை எங்கே சர்வீஸுக்குக் கொடுப்பது: கம்பெனியிலா, வெளியிலா?

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாட்ச் ஒரு நாள் நேரம் தவற ஆரம்பித்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதா, வெளியே ஒரு நல்ல வாட்ச் மெக்கானிக்கைத் தேடுவதா? கம்பெனியைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று ஒரு கூட்டம் சொல்லும், கம்பெனியில் கொடுத்தால் பணம் தண்டம் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வாட்ச்சுக்குள் ஓடுவது எந்த மெஷின், அதற்கான உதிரி பாகம் யார் கைக்குக் கிடைக்கும், இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கு முன்னால், சர்வீஸே தேவையா என்று பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்தால், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், டேப்லட் கவர், கைப்பையின் காந்தக் கொக்கி எதுவும் போதும். உள்ளே இருக்கும் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வாட்ச் பறக்கும். சாதாரணத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்து முள் நன்றாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். காந்தம் எடுக்கும் கருவியில் வைத்து எடுக்கச் சில நொடிதான் ஆகும், இதற்குப் போய் முழு சர்வீஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். அதேபோல குவார்ட்ஸ் வாட்ச்சில் நொடி முள் நான்கு நொடிக்கு ஒருமுறை தாவினால், பெரும்பாலான மாடல்களில் அது பேட்டரி தீரப்போகிறது என்பதற்கான அடையாளம், பழுது இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தது போல் இருந்தால் மட்டும் எந்த யோசனையும் வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்காதீர்கள். கம்பெனிக்கு அனுப்பி எஸ்டிமேட் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், அதற்குள் துரு பிடித்துவிடும், அதுவும் கடல் தண்ணீராக இருந்தால் சொல்லவே வேண்டாம். அன்றைக்கே பக்கத்தில் இருக்கும் கைதேர்ந்தவரிடம் பின்மூடியைத் திறந்து காயவைத்துவிடுங்கள். மீதி வேலையை யாரிடம் கொடுப்பது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்தது வாரண்டி. 2015 ஜூலையிலிருந்து விற்கும் புது ரோலெக்ஸுக்கு 5 வருடம், 2018 நவம்பரிலிருந்து ஒமேகாவுக்கும் 5 வருடம். கார்ட்டியே, ஐடபிள்யூசி இரண்டும் வாட்ச்சைப் பதிவு செய்தால் 8 வருடம் வரை நீட்டித்துத் தருகின்றன. இந்தக் காலத்துக்குள் இருந்தால் நேராகக் கம்பெனிதான். வெளியே திறந்தது தெரிந்தால் வாரண்டி போய்விடும். ஒமேகாவின் பரிந்துரை 5 முதல் 8 வருடத்துக்கு ஒரு சர்வீஸ், ரோலெக்ஸ் சொல்வது சுமார் 10 வருடம். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு முதல் சர்வீஸ் வருவதே வாரண்டி முடிந்த பிறகுதான், கேள்வி எழுவதும் அப்போதுதான்.

சரி, வாரண்டி முடிந்துவிட்டது. இப்போது மெஷினைப் பாருங்கள். மாடல் எண்ணை வைத்துத் தேடினாலே உள்ளே எந்த காலிபர், அதாவது எந்த வகை மெஷின், என்று தெரிந்துவிடும். டாக் ஹாயரின் காலிபர் 5, 2016 வரை வந்த டியூடர் பிளாக் பே, இவற்றில் இருப்பது ஈடிஏ என்ற ஸ்விஸ் மெஷின் கம்பெனியின் 2824-2 அல்லது அதன் மறுபதிப்பான செலிட்டா எஸ்டபிள்யூ 200 (டியூடரில் ஈடிஏ மட்டும்). உலகத்தில் வாட்ச் வேலை கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் கை வைத்துப் பழகிய மெஷின் இது. பாகமும் கிடைக்கும், விலையும் நியாயம். இதற்குக் கம்பெனியில் பெரிய தொகை கட்டுவது வீண் என்றுதான் நான் சொல்வேன். வெளியே நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். வால்ஜூ 7750 மெஷின் ஓடும் குரோனோகிராஃபுக்கும் (ஸ்டாப்வாட்ச் உள்ள வாட்ச்) இதே பதில்தான், ஆனால் குரோனோகிராஃப் கழற்றிப் பழகியவரா என்று தனியாகக் கேளுங்கள்.

ரோலெக்ஸ் 3135 வேறு கதை. 1988 முதல் டேட்ஜஸ்ட், சப்மரைனர் என்று லட்சக்கணக்கான வாட்ச்களில் ஓடிய மெஷின், பிரித்துக் கோர்க்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிக்கல் பாகத்தில்தான். தான் அங்கீகரித்துக் கணக்கு கொடுத்தவர்களுக்கு மட்டுமே ரோலெக்ஸ் பாகம் விற்கும். எண்ணெய் காய்ந்துபோன 3135ஐச் சுத்தம் செய்து எண்ணெய் போட வெளியே கொடுக்கலாம். ரோட்டரின் (கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடை) அச்சு தேய்ந்து கீறிக்கொண்டு ஓடுகிறது, சக்கரம் மாற்ற வேண்டும் என்றால், அந்தப் பாகத்தை எங்கிருந்து வாங்குவார் என்பதற்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள். இதற்குப் பின் வந்த 3235ல் எஸ்கேப்மென்டே (சக்கரங்களை அளவோடு ஓடவிடும் பகுதி) புதிது, அதைக் கம்பெனியிலேயே கொடுப்பது நல்லது.

ஒமேகாவில் ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1968ல் வந்த 861, அதன் வழியில் வந்த 1861 இரண்டும் லீவர் என்ற பழைய பாணி எஸ்கேப்மென்ட் உள்ள, கையால் சாவி கொடுக்கும் மெஷின்கள். அனுபவமுள்ளவர் யாரும் செய்வார். 2021ல் ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்சுக்கு வந்த 3861ல் இருப்பது கோ-ஆக்சியல் என்ற வேறு வகை எஸ்கேப்மென்ட். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த இந்த எஸ்கேப்மென்டை ஒமேகா 1999ல் காலிபர் 2500ல் கொண்டுவந்தது. இதில் எண்ணெய் எங்கே, எவ்வளவு என்பது மிகவும் முக்கியம், சாதாரண லீவர் மெஷின் பழக்கத்தில் கைபோன போக்கில் எண்ணெய் வைத்தால் கெட்டுப்போகும். கோ-ஆக்சியலுக்கென்று பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள், இல்லையென்றால் கம்பெனி.

வெளியே இருப்பவர் "பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்று சொன்னால் அவருக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒமேகாவை வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமமும் மற்ற பெரிய கம்பெனிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குப் பாகம் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டே வந்தன. ஐரோப்பாவில் வாட்ச் பழுதுபார்ப்பவர்களின் சங்கங்கள் சேர்ந்து 2004ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தன. ஆணையம் தள்ளுபடி செய்தது, 2010ல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, மறுபடி விசாரித்த ஆணையம் 2014ல் மறுபடியும் தள்ளியது, 2017ல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. கம்பெனிகள் சொல்லும் காரணம் தரம், போலி பாகம் நுழைந்துவிடக் கூடாது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் ஒரு சின்ன சக்கரத்துக்காக ஆன்லைன் ஏலத்தில் பழைய ஸ்டாக்கைத் தேட வேண்டியிருப்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. காசு கொடுத்து வாங்கிய நமக்கும் அது நஷ்டம்தான், போக வேறு இடம் இல்லாமல் போகிறது.

அதனால் எது ஒரிஜினல் பாகம், எது வெளித் தயாரிப்பு என்று எழுதி வாங்குங்கள். தரமான வெளித் தயாரிப்பு மெயின் ஸ்பிரிங், ரப்பர் வாஷர் பரவாயில்லை. பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடி நேரம் காக்கும் சக்கரம்), எஸ்கேப்மென்டில் இருக்கும் எஸ்கேப் வீல், டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) இவற்றில் வெளிச் சரக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள். போலி டயலோ வெளியே வைரம் பதித்த பெசலோ உள்ள ரோலெக்ஸைக் கம்பெனி தொடாது, அல்லது அதை உங்கள் செலவில் மாற்றினால்தான் வேலை செய்வோம் என்று சொல்லும்.

பழைய வாட்ச்சுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். அப்பாவோ மாமாவோ எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரோலெக்ஸோ ஒமேகாவோ வீட்டில் இருந்தால், டயலில் 6 மணிக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். "ஸ்விஸ்" என்பதற்கு இரண்டு பக்கமும் ஆங்கில டி எழுத்து இருந்தால் அதில் பூசியிருப்பது டிரிட்டியம் என்ற ஒளிரும் பூச்சு. இருட்டில் இப்போது மின்னாது, மணிப் புள்ளிகள் மோர்க்குழம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த மாறிய நிறத்துக்குத்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரின் கண்ணுக்கு அது ஒளிராத டயல், மாற்ற வேண்டியது. புது டயல், புது முள், பளபளவென்று பாலிஷ் போட்டுத் தருவார்கள், வாட்ச் அருமையாக ஓடும், ஆனால் அதன் மதிப்பில் பெரும்பகுதி போயிருக்கும். கழற்றிய பாகத்தைப் பல கம்பெனிகள் திருப்பித் தருவதும் இல்லை. டயல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த வகை டயல் உள்ள வாட்ச்சை ஒரு காலத்தில் கடையில் வாங்க ஆள் இல்லை. ஆகவே பழைய வாட்ச்சைப் பழைய வாட்ச்சிலேயே ஊறிய வெளி ஆளிடம் கொடுங்கள், டயலைத் தொடாதே, கேஸை (வாட்ச்சின் வெளிக்கூடு) தேய்க்காதே என்ற நிபந்தனையோடு. பட்டெக் ஃபிலிப்பும் வாஷெரோன் கான்ஸ்டன்டினும் மட்டும் விதிவிலக்கு. பட்டெக் 1839 முதலும் வாஷெரோன் 1755 முதலும் தாங்கள் செய்த எந்த வாட்ச்சையும் பழுதுபார்ப்போம் என்கின்றன, இல்லாத பாகத்தைப் புதிதாகச் செய்தே போடுவார்கள். செலவும் மாதங்களும் பிடிக்கும், ஆனால் அந்த வாட்ச்சுக்கு அதுதான் சரி.

வெளி ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஹெச்எம்டி, ஃபேவர் லூபா காலத்திலிருந்து கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் ஊர்க் கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கைநேர்த்தி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கைநேர்த்தி மட்டும் போதாது, கருவியும் வேண்டும். டைம்கிராஃபர் (டிக் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) இருக்கிறதா, தண்ணீர் புகாமை சோதிக்கும் பிரஷர் மெஷின் இருக்கிறதா, அல்ட்ராசோனிக் கிளீனர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரோலெக்ஸின் பின்மூடியில் ஓரத்தைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கும், அதில் பொருத்தித் திறக்க அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அது இல்லாமல் வேறு எதையாவது வைத்து நெம்பித் திருகுபவரிடமிருந்து உடனே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேலை செய்து முடித்த வேறொரு மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தலையில் காடி கூர்மையாக இருக்க வேண்டும், ஓரம் சிதைந்து பளபளத்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகியிருக்கிறார். முழுதும் பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் விடுவது சர்வீஸ் இல்லை. ஒழுங்கான சர்வீஸில் கடைசி சக்கரம் வரை பிரிப்பார்கள், இடத்துக்கு இடம் வெவ்வேறு எண்ணெய் வைப்பார்கள். "என்னென்ன எண்ணெய் போடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர் சந்தோஷமாக விளக்குவார்.

கொடுக்கும்போது வாட்ச்சை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அவர் பின்மூடி திறக்கும்போது கூடவே இருந்து மெஷினையும் அதன் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம். மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தால் முன்னால் சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் கீறி வைத்த சின்னச் சின்ன எழுத்தும் தேதியும் தெரியலாம். செகண்ட் ஹாண்டில் வாங்கியவர்களுக்கு அது நல்ல தகவல். ரசீதில் சீரியல் எண், செய்யப்போகும் வேலை, மாற்றும் பாகம், பழைய பாகத்தைத் திருப்பித் தருவது, பாலிஷ் வேண்டாம் என்பது, எத்தனை மாத வாரண்டி, எல்லாம் இருக்க வேண்டும். பாலிஷ் விஷயம் கம்பெனிக்கும் பொருந்தும். அவர்கள் முழு சர்வீஸில் பாலிஷ் பெரும்பாலும் சேர்ந்தே வரும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் விடுவார்கள். ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் உலோகம் போகும், இரண்டு மூன்று முறையில் கேஸின் விளிம்புகள் மழுங்கிவிடும், அது திரும்பி வராது. கம்பெனியில் ஒரு சின்ன வேலையை மட்டும் தனியாகச் செய்துதரப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முழு சர்வீஸ்தான் என்பார்கள். அதற்குப் பதிலாக ரோலெக்ஸ், ஒமேகா இரண்டிலும் சர்வீஸுக்கு 2 வருட வாரண்டி கிடைக்கும், பிற்காலத்தில் விற்கும்போது அந்தத் தாளுக்கும் மதிப்பு உண்டு.

திரும்ப வாங்கும்போது டைம்கிராஃபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்த்தபடி வைத்தால் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்ற அளவு) பெரும்பாலான மெஷின்களில் 270 முதல் 310 டிகிரிக்குள் வர வேண்டும், செங்குத்தாக நிறுத்தினால் கொஞ்சம் குறையும். பீட் எரர், அதாவது டிக், டாக் இரண்டுக்கும் இடையிலான நேர வித்தியாசம், அரை மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. நேரம் சரியாக இருந்து ஆம்ப்ளிட்யூட் 220க்குக் கீழே கிடந்தால் வெறுமனே நேரத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கட்டிக்கொண்டே நேரம் குறித்து வாருங்கள், தேதி நள்ளிரவை ஒட்டி மாறுகிறதா என்றும் பாருங்கள். முழுச் சாவியில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், 3135க்கு சுமார் 48 மணி, 2824-2க்கு 38 மணி. இதில் எது தவறினாலும் ரசீதோடு உடனே திரும்பிப் போங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் பேச்சு எடுபடாது. தண்ணீர்ச் சோதனை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை. சென்னை வெயிலில் வியர்வையோடு தினமும் கட்டுபவர் என்றால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.