பழைய தங்கவயலில் டிடெக்டர் பிடிப்பது எப்படி: விக்டோரியாவின் தங்க முக்கோணம்

தமிழர்களுக்குத் தங்கவயல் என்றதும் கோலார்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோலாரின் தங்கம் கெட்டிப் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவிக் கிடந்தது. அதை மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை வெட்டி எடுத்து, அரைத்து, சயனைடில் கரைத்துத்தான் பிரித்தார்கள். அப்படிப்பட்ட தங்கத்தை மெட்டல் டிடெக்டர் காணவே காணாது. இந்தியாவில் அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றமும்கூட.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு மாதிரி. அங்கே தங்கம் கட்டியாகவே, மேல்மண்ணிலேயே கிடக்கிறது. மெல்பனிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் டனோலி வரும். மேரிபரோ, டார்னகல்லா, வெட்டர்பர்ன், செயின்ட் ஆர்னாட் என்று அதைச் சுற்றி விரியும் காட்டைத் தங்க முக்கோணம் என்பார்கள். 1869 பிப்ரவரி 5 அன்று டனோலிக்குப் பக்கத்து மொலியாகலில், ஒரு மரத்தின் வேரடியில், ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்சும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி மண்ணுக்குக் கீழே வெறும் 3 செ.மீ.யில் இருந்தது. உருக்கி எடுத்த தங்கமே 70 கிலோவைத் தாண்டியது. அந்த வட்டாரத்தில் தங்க வேட்டை தொடங்கிப் பல வருடம் ஆகியும் யார் கண்ணிலும் அது படவில்லை. 1980-இல் கிங்கவரில் கெவின் ஹிலியர் டிடெக்டரால் எடுத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27.2 கிலோ. அதுவும் ஏறக்குறைய ஓரடி ஆழத்தில்தான் இருந்தது.

இவ்வளவு பேர் தோண்டிய பிறகும் எப்படி மிச்சம் என்று கேட்கலாம். பழைய ஆட்கள் கண்ணையும் தண்ணீரையும் நம்பி வேலை செய்தார்கள். கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் கிடையாது. களிமண் உருண்டைக்குள் ஒட்டிக்கொண்ட கட்டி, சல்லடையில் பெரிய கல்லோடு சேர்ந்து வெளியே போன கட்டி, ஓடையை மட்டும் தோண்டிவிட்டு விட்ட சரிவில் கிடக்கும் கட்டி, இவைதான் இன்று நமக்கு. அதனால் அவர்கள் வேலையை மண்ணில் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். எந்த மாடல் டிடெக்டர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காகித வேலை

விக்டோரியாவில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும், பத்து ஆண்டு செல்லும், கட்டணமும் பெரிய தொகை இல்லை. தேடப் போகும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கிக் கையோடு வைத்திருக்க வேண்டும். அது இருந்தால் கிடைக்கும் தங்கம் உங்களுடையது. கைக்கருவி மட்டுமே பயன்படுத்தலாம். மரத்துக்கும் செடிக்கும் சேதம் கூடாது. தோண்டிய குழியை மூடியே ஆக வேண்டும்.

சீட்டு இருக்கிறது என்று எங்கும் இறங்கிவிட முடியாது. அரசுக் காடுகளில் பெரும்பாலும் தடையில்லை. தேசியப் பூங்காக்களில் ஒதுக்கிய சில பகுதிகள் தவிர மற்றவை தடை. தனியார் நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சுரங்க உரிமம் கொடுத்த நிலமென்றால் உரிமதாரரின் சம்மதம் வேண்டும். மாநில அரசின் ‘ஜியோவிக்’ வரைபடத்தில் இவை எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். கிளம்புவதற்கு முந்தின இரவே பார்த்து எல்லையை ஃபோனில் சேமித்துவிடுங்கள், காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. பழைய சுரங்கங்கள், தங்க ஓடைகள் இருந்த இடமும் அதே வரைபடத்தில் உண்டு.

இந்த நிலத்தின் பெரும்பகுதி ஜாஜா வுரங் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பூர்வீக மண். பட்டை உரித்த தழும்புள்ள கிழட்டு மரம், கல்லாயுதச் சில்லுகள் சிதறிய இடம் கண்ணில் பட்டால் விலகிப் போய்விடுங்கள். குதிரை பூட்டிக் களிமண் கரைத்த வட்டப் பள்ளங்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களே. அவற்றின் கரையில் பிக்காஸ் வைக்காதீர்கள்.

கருவி

டிடெக்டரில் விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்), பிஐ (துடிப்புத் தூண்டல்) என்று இரண்டு வகை. விஎல்எஃப் இடைவிடாமல் அலை அனுப்பும். விலை குறைவு, இரும்பையும் மற்ற உலோகத்தையும் ஓரளவு பிரித்துச் சொல்லும். ஆனால் விக்டோரியாவின் சிவந்த மண்ணில் இரும்புச் சத்து அதிகம், மண்ணே கத்த ஆரம்பித்துவிடும். பிஐ ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, நிறுத்தி, பிறகு காது கொடுக்கும். அதற்குள் மண்ணின் எதிரொலி பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதனால்தான் இங்கே மைன்லேப் நிறுவனத்தின் எஸ்டிசி 2300, ஜிபிஎக்ஸ் 6000 போன்றவற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் அதிகம். விலை பல ஆயிரம் டாலர். முதல் பயணத்திலேயே வாங்க வேண்டாம். தங்க முக்கோணத்து ஊர்களில் நாள் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு, இரண்டு வாரக்கடைசி வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காயில் என்பது டிடெக்டரின் அடியில் உள்ள, தரைமேல் வீசும் தட்டு. அந்த விஷயத்தில், புதியவருக்கு 8 முதல் 11 அங்குலம் போதும். சிறிய காயில் குன்றிமணி எடைத் தங்கத்தையும் காட்டும், புதருக்குள் நுழையும். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் சின்னதை விட்டுவிடும், தோளையும் ஒடிக்கும். மோனோ (ஒற்றைச் சுருள்) காயிலின் பார்வை கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும். டபுள்-டி (இரட்டைச் சுருள்) காயில் கொஞ்சம் ஆழம் குறைவு, மோசமான மண்ணில் அமைதியாக இருக்கும்.

கூட எடுக்க வேண்டியவை: முனையில் வலுவான காந்தம் ஒட்டிய சிறு பிக்காஸ், பிளாஸ்டிக் ஸ்கூப், மூடியுள்ள சின்னக் குப்பி, ஹெட்ஃபோன், குப்பை போட இடுப்புப் பை. இரும்புத் தொப்பி வைத்த சேஃப்டி ஷூ வேண்டாம், காயில் காலருகே வரும்போதெல்லாம் ஊளையிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் காரிலேயே இருக்கட்டும். ஃபோன் ஃப்ளைட் மோடில் முதுகுப் பைக்குள் போகட்டும்.

எங்கே நிற்பது

வெள்ளை வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) சிதறிய தரை, அதோடு துருப்பிடித்த இரும்புக்கல்லும் கலந்திருந்தால் நல்ல அடையாளம். பாலைப் போல் சுத்தமாக வெளுத்த கல் பெரும்பாலும் மலடு. பழுப்புக் கறையும் பொந்துமாக இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பழைய குழிகளின் ஆழத்தைப் பாருங்கள். இடுப்பளவுக் குழிகள் நெருக்கமாக இருந்தால் அங்கே தங்கம் ஆழமில்லாமல் இருந்தது என்று பொருள். குழிக்கும் குழிக்கும் நடுவே விட்டுப்போன மண் உங்கள் டிடெக்டருக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது. ஆழக் குழிகளுக்குப் பக்கத்தில் உள்ள மண்மேட்டிலோ, உச்சியைத் தேடுங்கள். குழியின் அடிமண் கடைசியாக வெளியே வந்தது, மேட்டின் உச்சியில் விழுந்தது, தங்கம் இருந்த அடுக்கும் அதுதான். குழிகள் ஓடையை ஒட்டி வரிசையாகப் போய்ச் சட்டென்று நின்றால், தங்கம் எங்கிருந்து இறங்கி வந்தது என்று பக்கத்துச் சரிவை அண்ணாந்து பாருங்கள். அந்தச் சரிவை மேலிருந்து கீழாக அல்ல, குறுக்காக அறுத்து நடக்க வேண்டும்.

மேல்மண்ணை ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்துக் கழுவிய இடங்களும் உண்டு. களிமண்ணோ பாறையோ வெளியே தெரியும், புல்கூடச் சரியாக முளைத்திருக்காது. அவர்கள் எடுத்துக்கொண்ட மண்ணின் கனம் அப்படியே உங்களுக்கு லாபம். மிச்சமிருக்கும் தங்கம் காயிலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

வீசுவது

காயிலைத் தரைக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, கருவியை அந்த மண்ணுக்குப் பழக்குங்கள். பெரும்பாலான பிஐ கருவிகளில் அதற்கென உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு காயிலை மேலும் கீழுமாகச் சில முறை ஏற்றி இறக்க, மண்ணின் சத்தம் அடங்கும். சத்தமில்லாத தரையில்தான் இதைச் செய்ய வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் கருவி தப்பான பாடம் படிக்கும்.

ஒரு வீச்சுக்கு மூன்று நான்கு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீச்சு முந்தினதில் பாதியை மூட வேண்டும். புதியவர்கள் தவறுவது வீச்சின் இரண்டு முனையில்தான். ஊஞ்சல்போல் காயில் மேலே தூக்கிவிடும். ஐந்து செ.மீ. தூக்கினால் ஐந்து செ.மீ. ஆழம் போயிற்று, அதோடு பொய்ச் சத்தமும் வரும். கையை நீட்டி அகலமாக வீசுவதைக் குறைத்து, ஒரு மீட்டர் அகலத்துக்குள் வைத்துக்கொண்டால் இது தானே சரியாகும்.

ஹெட்ஃபோனில் மெல்லிய ரீங்காரம் ஓடும்படி வைத்திருந்தால் நல்லது. ஆழத்துக் கட்டி கத்தாது. ரீங்காரம் லேசாக வளைந்து, மூச்சுவிட்டதுபோல் திரும்பும், அவ்வளவுதான். அந்த வளைவு இரண்டு பக்கமிருந்து வீசும்போதும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 90 பாகை திரும்பி நின்று வீசுங்கள். அப்போதும் வந்தால் தோண்டலாம்.

பூட்ஸ் நுனியால் ஓரங்குல மேல்மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி வீசுங்கள். சத்தம் காணாமல் போனால் தள்ளிய மண்ணில் குப்பை இருக்கிறது, அதையும் எடுத்துப் பையில் போடுங்கள். சத்தம் இன்னும் கூர்மையானால் பிக்காஸ். காயிலைக் கொஞ்சம் உயர்த்தியதுமே சத்தம் செத்துவிட்டால் சூட்டுக்கல்லாக இருக்கலாம். இரும்புச் சத்து மிகுந்த கல்லை அப்படிச் சொல்வார்கள். நெருப்பு மூட்டிய பழைய இடத்தின் வெந்த மண்ணும் அதே மாதிரி ஏமாற்றும்.

சத்தத்தின் நடுவில் கொத்தாதீர்கள், பிக்காஸ் முனை பட்டுக் கீறல் விழுந்த கட்டியின் அழகும் மதிப்பும் குறையும். ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணைப் பக்கவாட்டில் இழுங்கள். குழியில் சத்தம் நின்றதும், இழுத்த மண்குவியலில் காந்தத்தை ஓட்டுங்கள். ஆணி என்றால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவில்லையா, சத்தம் வரும் பக்கத்து மண்ணை ஸ்கூப்பில் அள்ளிக் காயிலுக்குமேல் ஆட்டுங்கள். கத்தினால் பாதியைக் கையில் கொட்டி, ஸ்கூப்பை மறுபடி ஆட்டுங்கள். சத்தம் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடுங்கள். நான்கைந்து முறை பாதியாக்கினால் ஒரு சிட்டிகை மண்தான் மிஞ்சும். அதைக் காயிலின் மேல் சிறிது சிறிதாகத் தூவுங்கள். தங்கம் விழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்கும்.

பெரும்பாலும் அது ஈயக்குண்டாகத்தான் இருக்கும். துப்பாக்கி ரவை, சதுர ஆணி, பூட்ஸ் ஆணி, தகரத்துண்டு என்று ஐம்பது நூறு எடுத்த பிறகு ஒரு தங்கம் வருவது சகஜம். பிஐ கருவியில் ஈயமும் தங்கமும் ஒரே குரலில் பேசும், காதை வைத்துப் பிரிக்க முடியாது. ‘இது குப்பைதான்’ என்று விட்டுவிட்டுப் போன சத்தங்களில்தான் இன்னும் தங்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் தோண்டுங்கள்.

ஒரு கட்டி கிடைத்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முதலில் குழிக்குள்ளேயும் அதன் ஓரங்களிலும் மறுபடி வீசுங்கள். பிறகு புள்ளியை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு, சுற்றிலும் பத்து மீட்டரைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒருமுறை கிழக்கு மேற்காக, ஒருமுறை வடக்கு தெற்காக வீசுங்கள். தங்கம் தனியாகக் குடியிருப்பது அபூர்வம்.

உயிர் முக்கியம்

கண் காயிலிலேயே இருக்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரியாது. இந்தக் காட்டில் மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். சில இருபது முப்பது மீட்டர் ஆழம். விளிம்பு மண் உள்ளுக்குள் குடைந்து தொங்கிக்கொண்டிருக்கும், எட்டிப் பார்க்கப் போனாலே சரியும். பின்பக்கமாக ஓரடிகூட எடுத்துவைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் காருக்குத் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஈஸ்டர்ன் பிரவுன் பாம்பு நடமாடும். முழங்காலுக்குக் கீழே கெட்டியான கவசம், பையில் இரண்டு அழுத்தக் கட்டுத்துணி வேண்டும். கடித்தால் கழுவாமல், அசையாமல், கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றிக் கட்டி, ஆஸ்திரேலியாவின் அவசர எண்ணான 000-ஐ அழையுங்கள். சிக்னல் இல்லாத காட்டுக்கு அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியே உங்கள் இருப்பிடத்தை மீட்புக் குழுவுக்குச் சொல்லும் சிறு கருவி) எடுத்துப் போவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதே உத்தமம். மண் இளகியிருக்கும், பாம்பு குறைவு, காட்டுத்தீப் பயமும் இல்லை.

பழைய ஆலைகளின் அரைத்த மணல்மேடுகளில் ஆர்செனிக் இருக்கும், பாதரசமும் இருக்கலாம். அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், கை கழுவாமல் வாயில் எதையும் வைக்காதீர்கள்.

வீட்டில்

நிழலில் பிடித்துப் பாருங்கள். தங்கம் வெயிலிலும் நிழலிலும் ஒரே மஞ்சள். தங்கம்போல் மினுங்கி ஏமாற்றும் பைரைட் கல் நிழலில் மங்கும், ஊசியால் குத்தினால் பொடியாகும், தங்கம் நசுங்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும், அமிலம் வேண்டாம்.

வெங்கச்சாங்கல்லோடு ஒட்டிய தங்கத்தை உடைக்காதீர்கள். அப்படியே விற்றால் தங்கத்தின் எடைக்கு மேலேயே விலை போவதுண்டு. உள்ளே எவ்வளவு தங்கம் என்று உடைக்காமலே கணக்கிடலாம். நகைத் தராசில் கல்லை எடை போடுங்கள், 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, தம்ளரின் அடியும் ஓரமும் படாமல் முழுக்க முக்குங்கள். தராசு 12 காட்டுகிறது. 12-ஐ வெங்கச்சாங்கல்லின் அடர்த்தியான 2.65-ஆல் பெருக்க 31.8. அதை 40-இலிருந்து கழித்தால் 8.2. அதை 1.16-ஆல் பெருக்க 9.5 கிராம், ஒரு பவுனுக்கு மேலே. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழை விரலால் தட்டி வெளியேற்றாவிட்டால் கணக்குக் குறைத்துக் காட்டும். கல்லில் இரும்புக்கல் கலந்திருந்தால் கூட்டிக் காட்டும், ஏனென்றால் அது வெங்கச்சாங்கல்லைவிடக் கனம். பழுப்பு நிறம் அதிகமுள்ள கல்லில் வந்த எண்ணை வைத்து விலை பேசாதீர்கள்.