மா ஒட்டுக்கன்று: வாங்கும் நாளிலிருந்து முதல் காய்ப்பு வரை

கத்தரியில் ரகம் தவறினால் ஒரு பட்டம் போகும், அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாவில் நடவன்று செய்த பிழை நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் கண்ணில் படும். பழமர அறிவியல் குழி தோண்டுவதற்கு முன்பே வேண்டும் என்பது இதனால்தான்.

நம் ஊர் மா ரகங்கள் பலவற்றின் கொட்டையில் ஒரே கருதான் இருக்கும். பெரும்பாலும் வேற்று மரத்து மகரந்தம் சேர்ந்து உருவான கரு அது. ஆகவே இமாம்பசந்த் கொட்டையைப் போட்டால் இமாம்பசந்த் கிடைக்காது. தாய்மரத்தின் குணம் மாறாமல் வர ஒட்டுக்கன்றே வழி; அதாவது நாட்டுமா அடிச்செடியின் தண்டில் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டவைத்து வளர்த்த கன்று. இரண்டும் சேரும் இடம்தான் ஒட்டு. காய்ப்பும் சீக்கிரம் வரும்.

ரகத்தைச் சந்தை பார்த்து முடிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா போகும். பங்கனபள்ளியும் சேந்தூராவும் பழமாகவே விற்பவை. இமாம்பசந்துக்கு நல்ல விலை, ஆனால் காய்ப்பு குறைவு. நீலம் பிந்தி வந்தாலும் ஆண்டு தவறாமல் காய்க்கும். தோட்டம் முழுக்க ஒரே ரகமாக வைக்க வேண்டாம். சில மா ரகங்கள் தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது என்பதால் இடையிடையே வேறு ரகம் நிற்பது நல்லது.

நாற்றங்காலில் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டுக்கு மேலும் கீழும் தண்டு ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கிறதா, மேல் இலைகள் முற்றிப் பச்சையாகிவிட்டனவா என்று பாருங்கள். செம்புநிறத் தளிரோடு இருக்கும் கன்று நட்டதும் வாடும். பையின் அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சுற்று மண்ணுக்குள் போன பிறகும் நிமிராது.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர். இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40 மரம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் 160. நெருக்கி நட்டால் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கிளைகள் பின்னிக்கொண்டு உள்ளே வெளிச்சம் இறங்காது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்துக் குழியை இரண்டு வாரம் ஆறவிடுங்கள். பிறகு மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுஉரம் கலந்து, தரைக்கு ஒரு சாண் மேலே மேடாக நிரப்புங்கள்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். நிரப்பிய மண் ஒரு மழையாவது கண்டு அமர வேண்டும். அமராத குழியில் நட்டால் கன்றும் மண்ணோடு இறங்கி ஒட்டுப்பகுதி புதைந்துபோகும். ஈரத்தில் பூசணம் பிடித்து அழுகும். ஒட்டு எப்போதும் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். வேர் மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து எடுத்து, மழைக்காலத்தில் மாலை வேளையில் நடுங்கள். குச்சி ஊன்றிக் கட்டி, உடனே தண்ணீர் விடுங்கள். ஒட்டில் சுற்றிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தண்டு பருக்கப் பருக்க நாடா இறுகி, காற்றடிக்கும்போது அந்த இடத்தில் ஒடியும்.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் அடிச்செடியின் போத்து. மாதம் இருமுறை பார்த்துக் கிள்ளுங்கள். கவனிக்காமல் விட்ட தோட்டங்களில் மேல் ஒட்டு பட்டுப்போய் நாட்டுமாவே மரமாகி நிற்கும். கன்று வேர்பிடித்து வளர்ந்ததும் 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் நுனியை வெட்டி, நாலாபக்கமும் போகும்படி மூன்று நான்கு கிளைகளை மட்டும் விடுங்கள்.

முதலாண்டில் மரத்துக்கு 10 கிலோ தொழுஉரம், 435 கிராம் யூரியா, 1.25 கிலோ சூப்பர் பாஸ்பேட், 500 கிராம் பொட்டாஷ். ஆண்டுதோறும் இதே அளவைக் கூட்டிக்கொண்டே போய் ஐந்து மடங்கில் நிறுத்திக்கொள்ளலாம். செப்டம்பர், அக்டோபரில் மண் ஈரமாக இருக்கையில், தண்டை ஒட்டாமல் 45 செ.மீ. தள்ளி வட்டமாக இட்டு மூடுங்கள். இடைவெளியில் நிலக்கடலை, உளுந்து, வெங்காயம் போடலாம். உயரமான பயிர் வேண்டாம்.

ஒட்டுக்கன்று இரண்டாம் ஆண்டே பூக்கும். மனம் கேட்காதுதான், ஆனாலும் முதல் மூன்று ஆண்டுப் பூங்கொத்துகளை ஒடித்துவிடுங்கள். காய்க்கு விட்டால் கிளை வளர்ச்சி நின்று மரம் குட்டையாகிவிடும். நான்காம் ஆண்டிலிருந்து காய் விடலாம். அந்த ஆண்டு முதல் பூப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் தண்ணீரை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மறுபடி பாய்ச்சத் தொடங்குங்கள்.